பழைய இலகு ஜெட்: வாங்கும்போது பார்த்தவையும் விற்கும்போது கேட்கப்பட்டவையும்

நானும் என் தொழில் கூட்டாளிகள் இருவரும் சேர்ந்து பழைய இலகு ஜெட் விமானம் ஒன்றை வாங்கி, சில ஆண்டுகள் வைத்திருந்து, பின்னர் விற்றோம். அதற்கு முன்பு நெடுங்காலம் விமானப் பராமரிப்புத் துறையில் பணியாற்றியிருந்ததால், விற்பனைக்கு வந்த விமானங்களை ஆராய்ந்து எது தேறும், எது தேறாது என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. அப்போது கற்றதையும், பிற்பாடு நானே விற்பவனாக நின்றபோது தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பழைய ஜெட்டின் மறுவிற்பனை விலை, அதை வாங்குகிற நாளிலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. ஆகவே வாங்கும்போதே, நம்மிடமிருந்து அதை வாங்கப்போகிறவர் எப்படிப் பார்ப்பார் என்று பார்த்துவிட வேண்டும்.

எங்கள் தேவை எளிமையானது. நான்கைந்து பேர் ஏறிப் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பயணங்கள். அவற்றில் சில குறுகிய ஓடுபாதை கொண்ட விமான நிலையங்களுக்கானவை. இதற்குப் பொருந்தும் பழைய விமானங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். செஸ்னாவின் சைட்டேஷன் 500 என்னும் மாதிரி 1971-இல் சான்று பெற்றது. அதைத் தொடர்ந்து 1978-இல் சைட்டேஷன் 2, 1989-இல் சைட்டேஷன் 5, 1993-இல் சைட்டேஷன்ஜெட் ஆகியவை வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தன. மிட்சுபிஷியின் டயமண்ட் வடிவமைப்பிலிருந்து பிறந்த பீச்ஜெட் 400ஏ உண்டு. 1974 முதல் வெளிவந்த லியர்ஜெட் 35 உண்டு. அது வேகமும் தூரமும் கூடுதலாகத் தரும், பதிலுக்கு நீண்ட ஓடுபாதையும் தேர்ந்த விமானிகளும் கேட்கும். இவையெல்லாம் புதிதாக இருந்தபோது விற்ற விலையில் ஒரு சிறு பங்குக்கு இன்று கிடைக்கின்றன. ஆனால் குறைந்தது விமானத்தின் விலை மட்டுமே. உதிரிபாகத்தின் விலை குறையவில்லை, பட்டறைக் கூலி குறையவில்லை, எரிபொருள் குறையவில்லை. முப்பது வயதான ஜெட்டின் என்ஜினைப் பிரித்துப் பூட்டும் செலவு, அந்த விமானம் இன்று என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. சில மாதிரிகளில் இரண்டு என்ஜின்களையும் இப்படி முழுதாகப் பிரித்துப் பூட்டும் ஓவர்ஹால் வேலைக்கான தொகை முழு விமானத்தின் சந்தை விலையையே தாண்டிவிடுகிறது.

அதனால் நான் என்ஜினிலிருந்துதான் தொடங்கினேன். சைட்டேஷன் 2-இல் பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனத்தின் ஜேடி15டி-4 என்ஜின்கள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2,500 பவுண்டு உந்துவிசை தரும். இந்தக் குடும்ப என்ஜின்களுக்குப் பொதுவாக ஓவர்ஹால் இடைவெளி 3,500 மணி நேரம். அதன் பாதியில், அதாவது 1,750 மணி நேரத்தில், எரிகலனும் டர்பைனும் உள்ள சூடான பகுதியைத் திறந்து பார்க்கும் ஹாட் செக்‌ஷன் ஆய்வு. ஆண்டுக்கு 200 மணி நேரம் பறக்கிற உரிமையாளருக்கு 1,750 மணி நேரம் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வரும். 400 மணி நேரம் மட்டுமே மீதியுள்ள என்ஜின் இரண்டே ஆண்டுகளில் தீர்ந்துபோகும். விளம்பரத்தில் இரண்டு விமானங்களும் ஒரே ஆண்டில் தயாரானவை, ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே நிறம் என்று இருக்கலாம். உள்ளே இருக்கும் பொருள் வேறு வேறு.

இரண்டு விமானங்களை ஒப்பிட நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. ஒரு என்ஜினின் ஓவர்ஹால் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் விமானத்தின் கேட்பு விலை 150. இரண்டு என்ஜின்களிலும் 3,000 மணி நேரம் ஓடிவிட்டது, தலா 500 மீதி. அப்படியானால் இரண்டிலும் சேர்த்து மீதியுள்ள என்ஜின் ஆயுளின் மதிப்பு சுமார் 29. உடற்பகுதிக்கும் கருவிகளுக்கும் நாம் கொடுப்பது 121. இரண்டாவது விமானத்தின் கேட்பு விலை 220. இரண்டிலும் தலா 2,450 மணி நேரம் மீதி. அங்கே என்ஜின் ஆயுளின் மதிப்பு 140. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து நாம் கொடுப்பது 80 மட்டுமே. விலை கூடுதலாகத் தெரிந்த விமானம்தான் உண்மையில் மலிவு. ஏர்கிராஃப்ட் புளூபுக், வீரெஃப் போன்ற விலை மதிப்பீட்டு நூல்களும் இதே தர்க்கத்தில்தான் என்ஜின் நேரத்துக்குக் கூட்டிக் கழிக்கின்றன. என்றாலும் ஒவ்வொரு விமானத்துக்கும் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பவருக்குக் கிடைக்கிற தெளிவு அட்டவணையைப் பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை.

மணி நேரம் மட்டும் போதாது. என்ஜினுக்குள் சுழலும் வட்டுகளுக்கும் வேறு சில பாகங்களுக்கும் ஆயுள் வரம்பு சுழற்சிக் கணக்கில் விதிக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை கிளப்பி, பறந்து, இறங்கி நிறுத்தினால் அது பொதுவாக ஒரு சுழற்சி. குறுகிய தூரங்களுக்கே பயன்பட்ட விமானத்தில் மணி நேரத்தைவிடச் சுழற்சிகள் வேகமாகக் கூடியிருக்கும். வெளித்தோற்றத்தில் எங்கள் எல்லோரையும் கவர்ந்த சைட்டேஷன் 2 ஒன்றை இதனால்தான் விட்டுவிட்டோம். அதன் என்ஜின்களில் ஓவர்ஹாலுக்கு நிறைய மணி நேரம் மீதியிருந்தது. தரகர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆயுள் வரம்புள்ள பாகங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சில வட்டுகளின் சுழற்சிகள் அடுத்த ஓவர்ஹால்வரை தாங்காது என்பது தெரிந்தது. மணி நேரம் முடியும் முன்பே என்ஜினைக் கழற்றித் திறந்து வட்டுகளை மாற்றியாக வேண்டும். ஓவர்ஹால் இடைவெளி என்பது அமெரிக்காவில் தனிப்பட்ட பயன்பாட்டில் பறப்பவர்களுக்குத் தயாரிப்பாளரின் பரிந்துரை என்ற அளவில் நிற்கலாம். வட்டுகளின் ஆயுள் வரம்பு எவருக்கும் கட்டாயம். அதைத் தாண்டி ஒரு சுழற்சிகூடப் பறக்கக்கூடாது. பரிந்துரையைத் தாண்டி என்ஜினை ஓட்டும் உரிமையாளர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சட்டம் அனுமதித்தாலும் சந்தை அனுமதிப்பதில்லை. இடைவெளி முடிந்த என்ஜினை வாங்குபவர் பூஜ்யமாகவே எண்ணி விலை பேசுவார்.

லியர்ஜெட் 35-இல் உள்ள டிஎஃப்இ731 என்ஜினுக்குக் கணக்கு முறை வேறு. அதில் ஒட்டுமொத்த ஓவர்ஹால் என்று வைக்காமல், குறிப்பிட்ட இடைவெளிகளில் பெரிய காலமுறை ஆய்வும், அதைவிட நீண்ட இடைவெளியில் என்ஜினின் நடுவிலுள்ள கோர் பகுதி ஆய்வும் செய்கிறார்கள். கோர் ஆய்வு நெருங்கிய என்ஜின் விலை பேசும்போது ஓவர்ஹால் நெருங்கிய ஜேடி15டி போலவே நடந்துகொள்கிறது. ‘இந்த என்ஜினுக்கு ஓவர்ஹாலே கிடையாது’ என்று விற்பவர் சொன்னால், கடைசிக் கோர் ஆய்வு எப்போது நடந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

மணி நேரக் கட்டணத் திட்டங்கள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுவிற்பனையில் இவற்றின் கை ஓங்கியிருக்கிறது. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொகையைச் செலுத்திவந்தால், ஆய்வும் ஓவர்ஹாலும் வரும்போது திட்டம் அந்தச் செலவை ஏற்கும். பிராட் அண்ட் விட்னி கனடாவுக்கு ஈஎஸ்பி, ஹனிவெல்லுக்கு எம்எஸ்பி, வில்லியம்ஸுக்கு டிஏபி, எந்தத் தயாரிப்பாளரையும் சாராத ஜேஎஸ்எஸ்ஐ என்று பல உண்டு. ‘திட்டத்தில் உள்ளது’ என்ற ஒரு சொல்லை விளம்பரத்தில் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தபோது நான் பார்த்தவை இவை: உரிமை மாறினால் திட்டமும் புதிய உரிமையாளருக்கு மாறுமா, அதற்குக் கட்டணம் உண்டா, ஆண்டுக்குக் குறைந்தபட்ச மணி நேரம் என்று ஒன்று விதித்து, பறக்காவிட்டாலும் அதற்குப் பணம் கேட்கிறார்களா, ஆயுள் முடிந்த வட்டுகளும் வெளிப்பொருள் உள்ளே போனதால் வரும் சேதமும் அடங்குமா, முழுச் செலவையும் ஏற்கும் திட்டமா, ஒரு பகுதியை மட்டுமா, இதுவரை செலுத்தியதில் நிலுவை இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு விற்பவரின் வாய்ச்சொல் போதாது. திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடமிருந்தே எழுத்துப்பூர்வமான கணக்கு நிலை வர வேண்டும்.

திட்டத்தில் இல்லாத விமானம் என்பதாலேயே ஒதுக்கவும் வேண்டாம். அது என்ஜினைப் பொறுத்தது. ஜேடி15டி என்ஜினை ஓவர்ஹால் செய்யும் பட்டறைகள் பல உள்ளன. உடைப்புக்குப் போன விமானங்களிலிருந்து நல்ல பாகங்களும், ஆயுள் மீதியுள்ள முழு என்ஜின்களும் கைமாறுகின்றன. அதனால் திட்டமில்லாத சைட்டேஷன் 2-க்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்கும். சைட்டேஷன்ஜெட்டில் உள்ள வில்லியம்ஸ் எஃப்ஜே44-இன் நிலை அப்படியன்று. பெரிய வேலைகளுக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளரிடமே போக வேண்டியிருக்கிறது. வெளிச் சந்தையில் மாற்று வழிகள் குறைவு. ஆகவே டிஏபி திட்டத்தில் இருக்கும் சைட்டேஷன்ஜெட்டும் இல்லாத சைட்டேஷன்ஜெட்டும் இரு வேறு சரக்குகள் என்றே எண்ண வேண்டும். திட்டத்தில் பின்னாளில் சேரலாம் என்று சொல்வார்கள். சேரும்போது ஏற்கெனவே ஓடிய மணி நேரங்களுக்கான தொகையைக் கேட்பார்கள். அந்தத் தொகையை வாங்கும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே அது மலிவா என்று பேச முடியும்.

அடுத்தது தாள்கள். என் அனுபவத்தில் வாங்குபவர்கள் மிகக் குறைவான நேரத்தைச் செலவிடுவதும் இதில்தான், பின்னால் அதிகமாக வருந்துவதும் இதனால்தான். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் முதல் இன்றுவரை உடற்பகுதிக்கும் ஒவ்வொரு என்ஜினுக்கும் தொடர்ச்சியான பதிவேடு இருக்க வேண்டும். ஓர் இடைக்காலப் பதிவேடு தொலைந்திருந்தால், அந்தக் காலத்தில் மாற்றிய பாகங்களுக்கு மூலம் இல்லை; செய்த வேலைக்குச் சான்று இல்லை; வட்டுகளின் சுழற்சிக் கணக்கு நிறுவப்படாததாகிவிடுகிறது. பறப்பதற்கு அந்த விமானம் தகுதியானதாகவே இருக்கலாம். என்றாலும் விலையில் பெரும் சரிவு வரும். சில வாங்குபவர்களும் அவர்களுக்குக் கடன் தரும் நிறுவனங்களும் பேச்சையே நிறுத்திக்கொள்வார்கள். பதிவேடுகளை நான் பக்கம் பக்கமாகப் படித்தேன். பாதுகாப்புக்காக விமானத்துறை அதிகாரிகள் கட்டாயமாக விதிக்கும் வான்தகுதி ஆணைகள் ஒவ்வொன்றும் எப்போது, எந்த முறையில் நிறைவேற்றப்பட்டன, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவை எவை என்று தனிப் பட்டியல் போட்டேன். தொழிற்சாலைக்குப் பிறகு பொருத்திய ஒவ்வொரு கருவிக்கும் அந்த மாற்றத்தை அனுமதிக்கும் துணை வகைச் சான்று இருக்கிறதா, பெரிய பழுது பார்த்ததற்குப் படிவம் இருக்கிறதா என்று பார்த்தேன். விபத்துப் பழுது பல சமயம் ‘விமானத்தின் வெளித்தகடு மாற்றப்பட்டது’ என்ற ஒற்றை வரியாகத்தான் உட்கார்ந்திருக்கும். அந்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களில் விமானம் ஏன் பறக்கவில்லை என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். பதிவு நாடு மாறிய விமானங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பதிவேட்டு மொழியும் பராமரிப்புத் திட்டமும் மாறும் இடத்தில் ஆய்வுகள் விடுபட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

விதிகள் மாறும்போது ஒரு தலைமுறை விமானங்கள் முழுவதும் மதிப்பிழப்பது இந்தத் துறையில் நடந்தேறிய ஒன்று. 29,000 அடி முதல் 41,000 அடி வரை விமானங்களுக்கிடையேயான செங்குத்து இடைவெளியை 2,000 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்த ஆர்விஎஸ்எம் முறை ஐரோப்பாவில் 2002-இலும் அமெரிக்காவில் 2005 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ற உயரமானிகள் பொருத்தப்படாத பழைய ஜெட்டுகள் 29,000 அடிக்குக் கீழேயே பறக்க வேண்டியதாயிற்று. டர்போஃபேன் என்ஜின் அந்த உயரத்தில் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். பறக்கும் தூரம் சுருங்கும். மேகங்களுக்கு மேலே ஏறித் தப்பிக்கவும் முடியாது. பின்னர் அமெரிக்காவில் 2015 டிசம்பர் 31-க்குப் பிறகு இரைச்சலுக்கான மூன்றாம் நிலை வரம்புக்குள் அடங்காத சிறிய ஜெட்டுகள் நிலத்தொடர்புள்ள 48 மாநிலங்களில் பறக்கத் தடை வந்தது. சிஜே610 டர்போஜெட் என்ஜின் கொண்ட லியர்ஜெட் 20 வரிசையை அது நேரடியாகத் தாக்கியது. 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிக்கு விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கருவி கட்டாயமாயிற்று. இன்றைக்குப் பழைய ஜெட் ஒன்றைப் பார்க்கும்போது இவை செய்யப்பட்டிருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. செய்யப்படாமல் விடப்பட்டிருந்தால், அந்த விமானத்தின் மீது முந்தைய உரிமையாளர் பணம் போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார் என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வேன். அவர் வேறு எதையெல்லாம் தள்ளிப்போட்டார் என்று தேடத் தொடங்குவேன்.

விமானி அறைக் கருவிகளைப் பொறுத்தவரை, 1990-களில் வந்த விமானங்களின் பழைய குழாய்த் திரைகள் எனக்கு மிகுந்த கவலையைத் தந்தன. ஊசி வைத்த பழைய கருவிகளைப் பழுது பார்க்கலாம். முழுப் புதிய கார்மின் திரைகளுக்கு ஆதரவு உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட தலைமுறைத் திரைகளுக்கு உதிரி கிடைப்பது ஆண்டுக்காண்டு கடினமாகிவருகிறது. ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்ட விமானத்தை வாங்குவதே சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து. புதுக் கருவிகளுக்குச் செலவழித்த தொகை மறுவிற்பனையில் ஒரு பகுதியாகவே திரும்பி வருகிறது. அந்த இழப்பை முந்தைய உரிமையாளர் ஏற்றிருந்தால் நமக்கு நல்லது.

வாங்குமுன் ஆய்வை எங்கே செய்வது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த விமானத்தைத் தொடர்ந்து பராமரித்துவந்த பட்டறை அதை நன்றாக அறிந்திருக்கும் என்று விற்பவர் வாதிட்டார். அறிந்திருக்கும் என்பது உண்மைதான்; ஆனால் தன் வேலையிலேயே குறை காணும் நிலையில் அதை வைப்பது முறையன்று. அந்த மாதிரியில் ஆழ்ந்த அனுபவமுள்ள, விற்பவரோடு தொடர்பில்லாத பட்டறையைத் தேர்ந்தோம். முன்பணம் இரு தரப்பையும் சாராத மூன்றாமவர் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் இருந்தது. ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்களைக் கவனமாக எழுதினோம். வான்தகுதியைப் பாதிக்கும் குறைகள் அனைத்தையும் விற்பவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும்; ஆய்வுக்குப் பின் எழுத்தில் ஒப்புதல் தரும்வரை முன்பணம் எங்களுக்குத் திரும்பத் தரத்தக்கது. வான்தகுதிக் குறை எது, சிறு குறை எது என்று முடிவு செய்வது பட்டறையே என்பதையும் சேர்த்துவிட்டால் பிற்பாடு வரும் வாக்குவாதம் பெருமளவு குறையும்.

ஆய்வில் போரோஸ்கோப் என்னும் மெல்லிய உள்நோக்குக் கருவியை என்ஜினுக்குள்ளே விட்டு எரிகலன் விரிசல்களையும் டர்பைன் இலைகளின் அரிப்பையும் பார்த்தார்கள். விசிறி இலைகளில் கல் பட்ட தழும்புகளை அளந்தார்கள். தரையில் என்ஜினை இயக்கி, ஒரே சுழல்வேகத்தில் இரண்டு என்ஜின்களின் உள்வெப்பநிலையை ஒப்பிட்டார்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக ஓடினால் அதன் உள்ளே தேய்மானம் கூடுதல் என்று பொருள். கேபின் தரையைத் தூக்கிப் பார்ப்பதற்கு விற்பவர் தயங்கினால் அதையே காரணமாகக் கொண்டு இன்னும் அழுத்திக் கேளுங்கள். கழிவறைக்கு அடியிலும், பானங்கள் வைக்கும் அலமாரிக்கு அடியிலும், வாசல் படிக்கு அடியிலும்தான் ஈரம் தேங்கி அலுமினியம் அரிக்கும். இறக்கைக்குள்ளேயே எரிபொருள் நிற்பதால் கசிவும், தண்ணீர் தேங்கினால் நுண்ணுயிர் வளர்ச்சியும் அரிப்பும் பார்க்க வேண்டியவை. சைட்டேஷன் 2-இன் முன்கண்ணாடி அக்ரிலிக்கால் ஆனது. வெயில் படும்போது சாய்வாகப் பார்த்தால் மயிரிழை விரிசல்கள் தெரியும். அதை மாற்றுவது பெருஞ்செலவு. பனிநீக்கும் ரப்பர் பட்டைகளில் ஒட்டுகள் எத்தனை என்று எண்ணினாலே அவற்றின் எஞ்சிய காலம் புரிந்துவிடும். பிறகு உயரத்துக்கு ஏற்றிச் சென்று கேபின் அழுத்தம் நிற்கிறதா என்று பறந்து பார்த்தோம்.

நாட்காட்டியைப் பொறுத்த ஆய்வுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய சைட்டேஷன்களின் ஆய்வுத் திட்டத்தில் ஐந்தாம் கட்டம் 1,200 மணி நேரம் அல்லது 36 மாதம், எது முன்பு வருகிறதோ அதில் செய்யப்படுவது. லியர்ஜெட் 35-க்குப் பன்னிரண்டு ஆண்டு ஆய்வு என்று ஒன்று இருக்கிறது, அது உடற்பகுதியை ஆழமாகத் திறக்கும். இவற்றில் முதன்முறையாக என்ன வெளிப்படும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அடுத்த பெரிய ஆய்வு எப்போது என்பதை விலைப் பேச்சின் தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். முடிந்தால் வாங்குமுன் ஆய்வையும் அந்தப் பெரிய ஆய்வையும் ஒன்றாகவே நடத்தி, ஆய்வுக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வது இரு தரப்புக்கும் நியாயம். நாங்கள் வாங்கிய விமானத்தை அப்படித்தான் வாங்கினோம். ஆய்வில் வெளிப்பட்ட அரிப்பை விற்பவர் சரிசெய்து தந்தார். பட்டறை எழுதிய வேலைப் பதிவு பின்னர் எங்கள் கையில் விற்பனை ஆவணமாகவே மாறியது.

இங்கே குறைந்த மணி நேர விமானங்களின் கவர்ச்சி பற்றி ஒரு எச்சரிக்கை. ஆண்டுக்குச் சில மணி நேரம் மட்டுமே பறந்து ஹாங்கரில் நின்ற ஜெட், எண்ணிக்கையில் இளமையாகத் தெரியும். சீல்கள் காய்ந்திருக்கும், எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒட்டியிருக்கும், தாங்கிகளில் அரிப்பு தொடங்கியிருக்கும். வாங்கியபின் முதல் ஆண்டு முழுவதும் ஒன்று மாற்றி ஒன்று பழுதாகும். முறையாகப் பறந்து, முறையாகப் பராமரிக்கப்பட்ட, மணி நேரம் கூடுதலான விமானத்தையே நான் எப்போதும் விரும்புவேன்.

வைத்திருந்த காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனம் விமானிகளின் பயிற்சியைப் பார்த்தே விலை சொல்லும். பழைய மாதிரிகளுக்குச் சிமுலேட்டர்கள் குறைந்துவருவதால் பயிற்சி நாட்களை முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஓட்டச் சான்று பெற்ற மாதிரியா, இருவர் கட்டாயமா என்பது ஆண்டுச் செலவையும் பின்னாளில் வாங்க வருவோரின் எண்ணிக்கையையும் மாற்றும். சைட்டேஷன்ஜெட்டுக்கு உரிமையாளரே ஓட்டும் வாடிக்கையாளர்கள் அதிகம் இருப்பதற்கு அந்தச் சான்று ஒரு காரணம். பயன்பாட்டு மணி நேரம் குறைவாக இருந்தால் நிலைச்செலவு ஒவ்வொரு மணி நேரத்தின் மீதும் கனமாக விழும். ஆண்டுக்கு நூறு மணி நேரம்கூடப் பறக்கப்போவதில்லை என்றால், வாடகைக்கு எடுப்பதோடு ஒப்பிட்டு ஒருமுறை நேர்மையாகக் கணக்குப் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

விற்க முடிவெடுத்தபோது, நாங்கள் கேட்ட அதே கேள்விகள் எங்களை நோக்கித் திரும்பி வந்தன. முதலில் கேட்கப்பட்டவை என்ஜின் நேரமும் வட்டுகளின் பட்டியலும்; அடுத்தது பதிவேடுகள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஆண்டுவாரியாக அடுக்கி, வான்தகுதி ஆணைப் பட்டியலை அன்றன்றைக்குப் புதுப்பித்து வைத்திருந்ததால், பேச்சு தொடங்கிய அன்றே முழுத் தொகுப்பையும் அனுப்ப முடிந்தது. பதிவேடுகளைத் தயங்காமல் தருகிற விற்பனையாளரிடம் வாங்குபவர் பேரம் பேசும் தொனியே மாறுகிறது. விற்பதற்கு முன் வண்ணம் பூசலாமா என்று கூட்டாளிகள் கேட்டனர். நான் வேண்டாம் என்றேன். புதிய வண்ணம் எதையோ மறைக்கிறது என்ற ஐயத்தை எழுப்பும், செலவும் முழுதாகத் திரும்பாது. இருக்கைத் தோலைச் சுத்தம் செய்து, எரியாத விளக்குகளையும் உடைந்த கைப்பிடிகளையும் சரிசெய்ததோடு நிறுத்திக்கொண்டோம். ஐந்தாம் கட்ட ஆய்வு முடிந்த பின்னரே விளம்பரம் கொடுத்தோம். ஆய்வு நெருங்கிய விமானத்தில் வாங்குபவர் அதன் செலவைக் கழிப்பதோடு, அதில் என்ன வெளிப்படுமோ என்ற அச்சத்துக்கும் சேர்த்துக் கழிப்பார். ஓவர்ஹாலுக்கு இந்த விதி பொருந்தாது. விற்பதற்காக ஓவர்ஹால் செய்தால் போட்ட தொகையைப் பழைய ஜெட்டில் மீட்க முடியாது. மணி நேரம் பாதியாவது மீதி இருக்கும்போதே விற்றுவிடுவதே நல்லது.

உரிமையில் எந்தச் சிக்கலும் இல்லை என்பதையும் இரு தரப்பும் உறுதிசெய்ய வேண்டும். பதிவு நாட்டின் பதிவேட்டில் கடன் பிணை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, 2001-இல் கையெழுத்தான கேப் டவுன் உடன்படிக்கையின் கீழ் டப்ளினில் இயங்கும் பன்னாட்டுப் பதிவகத்திலும் தேட வேண்டும். அங்கே உடற்பகுதியும், 1,750 பவுண்டு அல்லது அதற்கு மேல் உந்துவிசை உள்ள ஜெட் என்ஜின் ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருளாகப் பதியப்படுகின்றன. ஆகவே வரிசை எண் வாரியாக மூன்று தேடல்கள் வேண்டும். முன்னொரு காலத்தில் வாடகைக்குப் பொருத்திய என்ஜினின் மீது தீராத பிணை இருப்பது உடற்பகுதியைத் தேடினால் தெரியாது.

இன்னொரு கணக்கையும் நாங்கள் ஆண்டுதோறும் போட்டுவந்தோம். விமானத்தைப் பறக்கும் நிலையில் விற்றால் கிடைப்பது ஒரு தொகை; உடைத்துப் பாகங்களாக விற்பவர் தருவது இன்னொரு தொகை. பழைய ஜெட்டுகளில் இந்த இரண்டாவது தொகை பெரும்பாலும் என்ஜின்களின் மீதமுள்ள ஆயுளும், புதிய கருவிகளும், தரையிறங்கு சக்கர அமைப்பும்தான். முதல் தொகை இரண்டாவதை நெருங்கத் தொடங்கும் ஆண்டில், பெரிய பழுது எதுவாக இருந்தாலும் அதற்குக் கையெழுத்திடும் முன் உடைப்பவரிடம் எழுத்தில் விலை கேட்டுவிட வேண்டும். எங்கள் விமானம் அந்த நிலையை எட்டுவதற்கு நெடுநாள் முன்பே விற்றுவிட்டோம். வாங்கியவருக்கு அந்தக் கணக்குத் தாளின் பிரதியையும் பதிவேடுகளோடு சேர்த்தே கொடுத்தேன்.